ஸனதும் சோதனைக்கூடமும்

ஹிஜ்ரி 387ஆம் ஆண்டு, கி.பி. 997 மே 24ஆம் நாள், சந்திர கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. குவாரிஸ்மின் காத் நகரிலிருந்து அபூ ரைஹான் அல்பிரூனி அதனை நோக்கினார். முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாட்டின்படி பக்தாதிலிருந்து அபுல் வஃபாவும் நோக்கினார். இரு ஊர்களிலும் கிரகணம் தென்பட்ட நேரங்களின் வேறுபாட்டைக் கொண்டு அவற்றின் தீர்க்கரேகை வேறுபாடு கணிக்கப்பட்டது. அப்போது அல்பிரூனிக்கு வயது 23. அபுல் வஃபாவோ ஐம்பதைக் கடந்த, புகழ்வாய்ந்த கணித மேதை. பெயர் பெறாத ஓர் இளைஞரைத் தம் ஆய்வில் சரிநிகராக ஏற்றுக்கொள்ள அம்முதியவர் தயங்கவில்லை.

இந்நிகழ்ச்சியில் வியப்பதற்கு ஏதுமில்லை. உஸ்தாதிடம் ஓதி இஜாஸா பெறுவதும், அறிவு நாடி ரிஹ்லா செல்வதும், செய்தி எவர் வழியே வந்தது என்று ஸனதைக் கேட்பதும் நம் மரபு. இயற்கை அறிவியலிலும் நம் முன்னோர் இந்நெறியையே பேணினர். அல்பிரூனிக்கு அபூ நஸ்ர் மன்சூர் ஆசானாக வாய்த்தார். தம்மினும் ஏழாண்டு இளையவரான இப்னு ஸீனாவுக்கு அல்பிரூனி 18 வினாக்களை எழுதியனுப்பி, கடுமையாகவே வாதிட்டார். மூத்தவரிடம் கற்பதும் ஒத்தவரோடு வாதிடுவதும் சேர்ந்தே அவரை அறிஞராக்கின.

இதே நெறி நம் மண்ணிலும் ஒருவரை உருவாக்கியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கல்வி பெற்று, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்க் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறைப் பயிற்றுநராக இருந்தபோது, நண்பகல் இடைவேளையில் மாணவரின் ஐயங்களுக்கு விடையளிக்கும் உரையாடலை நடத்தினார். பிற கல்லூரி மாணவரும் அதனை நாடி வந்தனர்.

1920இல் கல்கத்தா சென்றவர், 1923இல் சி. வி. இராமனிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார். சில ஆண்டுகள் கோட்பாட்டுப் பணியிலேயே ஆழ்ந்திருந்த அவரை, 1928 தொடக்கத்தில் மீண்டும் சோதனைப் பணிக்குத் திருப்பியவர் இராமனே. அவ்வாண்டு மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அறிக்கையில் இருவர் பெயரும் இடம்பெற்றன. அவ்வாண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்ற கிருஷ்ணன், இளம் ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொண்டு படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். 1936இல் இலண்டனைச் சேர்ந்த கேத்லீன் லான்ஸ்டேலுடன் இணைந்து கட்டுரை வெளியிட்டார். 1947இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். வத்திராயிருப்பிலிருந்து அவர் சென்ற இந்த நெடும்பயணத்தை ரிஹ்லா என்றே நாம் அழைக்கலாம்.

இன்று அந்த வட்டாரத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி 1973இலும், கிருஷ்ணன்கோவிலில் பின்னாளில் கலசலிங்கம் பல்கலைக்கழகமாக வளர்ந்த பொறியியல் கல்லூரி 1984இலும் தொடங்கப்பட்டன. மாணவரும் ஆசிரியரும் கோடையில் தேர்ந்த விஞ்ஞானிகளிடம் பயிற்சி பெற, நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் கூட்டாக உதவித்தொகைத் திட்டம் நடத்தி வருகின்றன. இளம் விஞ்ஞானிகளுக்கென இந்திய தேசிய இளம் அறிவியல் அகாதமியும் 2014இல் அமைக்கப்பட்டது. வாயில்கள் திறந்தே உள்ளன. ஆனால் குடும்பத்தில் முதன்முதலாக முதுகலை அறிவியல் முடிக்கும் பிள்ளைக்கு அவ்வாயில்களைக் காட்டுவோர் யார்? எந்தப் பேராசிரியருக்கு எழுதுவது, எப்படி எழுதுவது, எந்தக் கருவியில் பயிற்சி பெறுவது என்று சொல்ல ஆளின்றித் திறமை வீட்டோடு அடங்கிப்போகிறது. பெண்பிள்ளைகள் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது.

பரிசளிப்பு விழா நடத்தி மதிப்பெண்ணைப் பாராட்டுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஊரில் அறிவியல் பயிலும் பிள்ளைகளின் பெயர்களைத் திரட்டி, வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் ஆய்வுப் பணியிலிருக்கும் நம்மவருள் ஒருவரோடு ஒவ்வொருவரையும் இணைத்துவைக்கலாம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு குறிப்பேடும் சில கடிதங்களும் போதும். ஸனதின் அருமையை நாள்தோறும் போதிக்கும் அரபுக் கல்லூரி ஆசிரியர்களாகிய நாமே இப்பணியில் முந்திக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். அபுல் வஃபா காத் நகரத்து இளைஞருக்குச் செய்ததை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் செய்யத் தவறினால், அல்பிரூனியின் பெயரை மேடைகளில் முழங்குவதால் யாருக்கு என்ன பயன்?