அரிக்கமேட்டுக்கு வந்த யவன மது

புதுச்சேரி நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947-48இல் ழான்-மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நடத்திய அகழாய்வுகளில், ஆம்போரா எனப்படும், இரு கைப்பிடியும் குறுகிய அடியும் கொண்ட மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றுள் சில ஆலிவ் எண்ணெயும் மீன்சாறும் கொணர்ந்தவை எனினும் பெரும்பாலானவை மதுச்சாடிகளே. இரண்டு களிமண் உருளைகளைச் சேர்த்து ஒட்டியது போன்ற கைப்பிடித் துண்டு ஒன்று கிடைத்தாலே, அது கிரேக்கத்தின் கோஸ் தீவு வகைச் சாடியுடையது என்று ஆய்வாளர் அறிந்துகொள்வர். கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம்; மது கசியாதிருக்கச் சாடியின் உட்புறத்தில் பூசிய பிசினின் வாசமும் அதில் ஏறியிருக்கும். பிராந்தி சேர்த்து வலுவூட்டிய போர்ட் ஒயினைப் பருகிப் பழகிய பிற்கால ஐரோப்பியருக்கு இந்த உவர்ப்புச் சுவை பிடித்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் தமிழ்நாட்டில் அந்த மதுவுக்கு மதிப்பு இருந்தது: பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றின் 56ஆம் பாடல், யவனர் எனப்பட்ட கிரேக்க, உரோமானிய நாட்டினர் கொண்டுவந்த மதுவின் குளிர்ச்சியையும் நறுமணத்தையும் பாராட்டுகிறது.