மலையேறும் வண்டியும் நான்கு திரவங்களும்

தமிழ்நாட்டில் உள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஜவ்வாது மலையும் ஒன்று. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இது பரவிக் கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், இம்மலைமீது அமைந்துள்ள காவலூர் வானாய்வகத்தைப் பற்றி வாசகர்கள் படித்திருப்பார்கள். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கு வானாய்வு தொடங்கியது. 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

காவலூருக்குப் போக ஆலங்காயம் வழியாகவும், ஜமுனாமரத்தூருக்குப் போக போளூர் வழியாகவும் மலைச்சாலை ஏற வேண்டும். மேலே வானத்தைச் சோதிக்கிறார்கள் என்றால், வழியில் சாலை நம் வண்டியைச் சோதிக்கிறது. சமவெளியில் வெளியே தெரியாமல் இருக்கும் குறைகள் மலையில் தெரிந்துவிடும். ஏற்றம் என்ஜின் எண்ணெயையும் ரேடியேட்டர் நீரையும் சோதிக்கும். நடுவழியில் நின்று மீண்டும் கிளம்பும்போது பேட்டரியின் நிலை தெரியும். இறக்கத்தில் பிரேக் திரவத்துக்குச் சோதனை.

இந்த நான்கையும் வீட்டிலேயே எவரும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணெயைச் சமதளத்தில் பார், ரேடியேட்டரைச் சூட்டோடு திறக்காதே, பேட்டரிக்குக் குழாய்நீர் ஊற்றாதே, பிரேக்குக்கு என்ஜின் ஆயில் ஊற்றாதே என்று பெரியவர்கள் ஏன் சொல்கிறார்கள்? ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் விதி மறக்காது.

வண்டி மையிலிருந்து என்ஜின் ஆயில்வரை

உராய்வைக் குறைக்க எண்ணெய் இடவேண்டும் என்பதை மோட்டார் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் வண்டிக்காரர்கள் அறிந்திருந்தார்கள். வைக்கோலைச் சுட்ட கரியை ஆமணக்கு எண்ணெயில் குழைத்தால் அதுதான் வண்டி மை. மாட்டு வண்டியின் அச்சில் அதைத் தடவுவார்கள். மை தீர்ந்தால் சக்கரம் கிரீச்சிட்டு அறிவித்துவிடும். ஆகவே அளந்து பார்க்கும் தேவை எழவில்லை.

நீராவி ரயில் வந்தபோது நிலைமை மாறியது. எந்திரத்தின் பாகங்களுக்கு எண்ணெய் விடுவதற்காகவே அடிக்கடி ரயிலை நிறுத்த வேண்டியிருந்தது. அமெரிக்க ரயில்வேயில் எண்ணெய் விடும் வேலை பார்த்த எலைஜா மெக்காய், எந்திரம் ஓடும்போதே தானாக எண்ணெய் சொட்டும் கருவியைச் செய்து 1872-இல் காப்புரிமை பெற்றார். அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவில் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர் அவர்.

முதல் மோட்டார் கார்களும் இப்படிச் சொட்டும் எண்ணெயை நம்பியே ஓடின. அந்த எண்ணெய் எரிந்தும் ஒழுகியும் வீணாகிவிடும். ஆகவே ஓட்டுநர் அதன்மீது எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். ஆமணக்கும் இந்தப் புது வாகனத்தை விட்டுவிடவில்லை. 1909-இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நிறுவனம் தன் என்ஜின் எண்ணெயில் ஆமணக்கு எண்ணெயைக் கலந்தது. ஆமணக்கைக் குறிக்கும் காஸ்டர் என்ற சொல்லிலிருந்தே அதற்குக் காஸ்ட்ரால் என்று பெயர் வந்தது.

1908-இல் வெளிவந்த ஃபோர்டு டி மாதிரிக் காரில் எண்ணெய் அளக்கும் குச்சி கிடையாது. எண்ணெய் பம்பும் கிடையாது. சுழலும் ஃபிளைவீல் சக்கரம் அடித்தொட்டியிலுள்ள எண்ணெயை வாரி இறைக்கும். தொட்டியின் அடியில் மேலும் கீழுமாக இரு சிறு குழாய்கள் இருந்தன. ஓட்டுநர் காரின் அடியில் குனிந்து அவற்றைத் திறந்து பார்ப்பார். மேற்குழாயில் எண்ணெய் வந்தால் நிறைவாக உள்ளது. கீழ்க்குழாயிலும் வராவிட்டால் ஆபத்து. செங்குத்தான ஏற்றத்தில் எண்ணெய் பின்பக்கம் ஓடிவிட, என்ஜினின் முன்பாகம் வறண்டு தேய்வதும் உண்டு.

வண்டி சாய்ந்து நின்றால் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கும் என்ற இந்த எளிய உண்மை இன்றும் மாறவில்லை. சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, எண்ணெய் கீழே வடியச் சில நிமிடம் பொறுத்த பிறகே குச்சியை எடுத்துத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இரு கோடுகளுக்கு இடையே எண்ணெய்த் தடம் இருப்பது சரியான நிலை. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறே.

எண்ணெயின் பாகுத்தன்மைக்கு எண் கொடுக்கும் முறையை அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் 1911-இல் தொடங்கியது. எண்ணெய்க் குப்பியில் 20டபிள்யூ-40 என்று காண்பது அந்த வழியில் வந்ததே. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். குளிரில் 20-ஆம் தர எண்ணெய்போல் இளகி ஓடும். சூட்டில் 40-ஆம் தரம்போல் கெட்டியாக நிற்கும்.

எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். இக்கால எண்ணெயில் கரியைக் கரைத்து ஏந்திக்கொள்ளும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. டீசல் வண்டியில் புது எண்ணெய் சில நாளிலேயே கறுப்பது இயல்பு. மோர்போல் வெளுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

கொதிக்கும் நீரும் ஒரு மூடியும்

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீர் வாங்கிக்கொண்டு வெளியேற்ற வேண்டியுள்ளது. கார்ல் பென்ஸ் செய்த முதல் காரில் நீர் கொதித்து ஆவியாகப் போய்விடும். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், இரு மகன்களுடன் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்வரை நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு அக்காரை ஓட்டிச் சென்றார். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள். எரிபொருளை வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் வாங்கினார்கள். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார் பெர்த்தா. மேடுகளில் வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. நெடுந்தூரக் கார்ப் பயணத்தின் வரலாறும் கார்ப் பராமரிப்பின் வரலாறும் இப்படி ஒரே நாளில் தொடங்கின.

1901-இல் வெளிவந்த மெர்சிடிஸ் காருக்கு வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,000-க்கும் மேற்பட்ட சிறு குழாய்கள் இருந்தன. காற்று அவற்றினூடே புகுந்து செல்வதால் குறைந்த நீரே போதுமானதாயிற்று. ஆயினும் மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதிப்பது தொடர்ந்தது. மலைமேல் காற்றழுத்தம் குறைவு. ஆகவே நீர் சீக்கிரம் கொதிக்கும். காவலூர் உயரத்தில் சுமார் 97.5 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பழைய பேருந்துகளில் கிளீனர் தண்ணீர்த் தகரத்தோடு ஓடிவந்து ரேடியேட்டரில் ஊற்றிய காட்சியைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள்.

இச்சிக்கலை ஒரு மூடி தீர்த்தது. சமையலறைப் பிரஷர் குக்கரின் தத்துவமே இங்கும். வில் பொருத்திய மூடி நீராவியை அடக்கி, உள்ளே அழுத்தத்தை உயர்த்துகிறது. வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டலம் கூடுதலாக அழுத்தம் இருந்தால் நீர் ஏறத்தாழ 120 டிகிரிவரை கொதிக்காது. இந்தச் சிறு மூடியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நிறுவனம் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடிகளைச் செய்து அனுப்பியது.

சூடான ரேடியேட்டரை ஏன் திறக்கக் கூடாது என்பது இப்போது விளங்கும். உள்ளே 100 டிகிரிக்கு மேல் சூடேறியும் அழுத்தத்தால் மட்டுமே நீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகியதும் அழுத்தம் போகும். நீர் நொடியில் கொதித்து முகத்தில் பாயும். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது, பக்கத்திலுள்ள ஒளி ஊடுருவும் சேமிப்புப் புட்டியின் கோட்டைப் பார்த்தாலே போதும். பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும் கூலண்ட், எத்திலீன் கிளைக்கால் கலந்த நீர். குளிர்நாடுகளில் உறையாமலிருக்கச் சேர்த்த பொருள் அது. உறைபனி இல்லாத நம் ஊரில் கொதிநிலையை உயர்த்தவும், அதனுடன் சேர்க்கும் மருந்துகளால் துருவைத் தடுக்கவும் உதவுகிறது. அது இனிக்கும் நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

கைப்பிடியை ஒழித்த பேட்டரி

ஈய அமிலப் பேட்டரியை பிரெஞ்சு அறிஞர் பிளான்டே 1859-இல் கண்டுபிடித்தார். ஆனால் வெகுகாலம் கார் என்ஜினைக் கைப்பிடியால் சுற்றியே கிளப்பினார்கள்; எதிர்த்துச் சுழன்ற கைப்பிடி பலர் கையை முறித்தது. சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின் தொடக்கி 1912-இல் காடிலாக் காரில் வந்த பின்னரே பேட்டரி காரின் நிரந்தர உறுப்பாயிற்று.

மின்னேற்றத்தின்போது அமிலத்திலுள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகிறது. குறைவது நீர் மட்டுமே. ஆகவே நீரைத்தான் சேர்க்க வேண்டும்; அமிலத்தை அன்று. குழாய்நீரின் உப்புகள் ஈயத் தகடுகளைக் கெடுக்கும் என்பதால் காய்ச்சி வடித்த நீரே தேவை. வெளிவருவது ஹைட்ரஜன் என்பதால் அருகில் தீக்குச்சி கூடாது. இன்று பெரும்பாலானவை மூடி முத்திரையிட்ட பேட்டரிகள். அவற்றில் முனைகளில் வெண்மையாகப் படியும் பூப்பைத் துடைத்தால் போதும்.

இறக்கத்தில் காக்கும் திரவம்

பெர்த்தா பென்ஸின் பயணத்தில் இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் அவற்றின்மீது தோல் அறையச் செய்தார். அக்காலத்தில் பிரேக் என்பது கம்பியும் நெம்புகோலும்தான். நான்கு சக்கரங்களையும் கம்பியால் சமமாக இழுப்பது கடினம்.

அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் காட்டியிருந்தார். அதைப் பிரேக்குக்குப் பயன்படுத்தி மால்கம் லாக்ஹீட் 1917-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பர்க் காரில் நான்கு சக்கரத் திரவப் பிரேக் வந்தது. நம் ஊரில் 1962-இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது.

தொடக்கக் காலப் பிரேக் திரவம் எது தெரியுமா? ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவை. ரப்பரைக் கெடுக்காத எண்ணெய் என்பதால் வண்டி மையின் ஆமணக்கு இங்கும் வந்தது. பின்னர் கிளைக்கால் ஈதர்கள் அதன் இடத்தைப் பிடித்தன. கடைகளில் பிரேக் ஆயில் என்று கேட்டே வாங்குகிறோம். ஆனால் இது எண்ணெயே அன்று. பெயரை நம்பி என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிப்போய் பிரேக் முழுவதும் கெட்டுவிடும்.

இத்திரவத்துக்கு மற்றொரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்தின்படி புதுத் திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் 140 டிகிரி இருந்தால் போதும் என்கிறது அத்தரம்.

இதனால் என்ன கேடு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 கிலோ எடையுள்ள கார் 300 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 29 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். 10 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க இது போதும். இதில் ஒரு பகுதியைக் காற்றும் என்ஜினும் ஏற்கும். எஞ்சியதெல்லாம் பிரேக்கில் வெப்பமாகிறது. பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்தோ நியூட்ரலிலோ இறங்குபவர், என்ஜின் ஏற்கும் பங்கையும் பிரேக்கின் தலையில் சுமத்துகிறார். என்ஜினை அணைத்தால் மிதியை அழுத்த உதவும் வெற்றிட விசையும் சில அழுத்தங்களில் தீர்ந்துவிடும். ஈரமேறிய பழைய திரவம் அப்போது கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது.

அளவு சரியாக இருந்தும் இவ்விபத்து நேரலாம் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. ஆகவே பிரேக் திரவத்தின் மட்டத்தைப் பார்ப்பதுடன் அதன் வயதையும் பார்க்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மட்டம் திடீரெனக் குறைந்தால், மேலே ஊற்றி நிறைவு செய்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. கசிவையோ தேய்ந்த பிரேக் கட்டையையோ தேட வேண்டும்.

இடைவெளி நீள நீள

வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புலப்படும். பெர்த்தா பென்ஸ் சில மைல்களுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினார். டி மாதிரிக் காரின் சொந்தக்காரர் நாள்தோறும் குனிந்து பார்த்தார். அம்பாசடர் ஓட்டியவர் காலையில் பானெட்டைத் திறந்து நீரும் எண்ணெயும் பார்த்த பிறகே கிளம்பினார். இன்று பட்டறைக்குப் போவதே ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை என்றாகிவிட்டது. எந்திரம் நம்பத்தக்கதாக ஆக, பார்க்கும் பழக்கம் நம்மைவிட்டுப் போயிற்று. என்ஜின் எண்ணெயே தேவைப்படாத மின்சாரக் காரிலும் பிரேக் திரவம் உண்டு; பலவற்றில் பேட்டரியைக் குளிர்விக்கும் திரவமும் உண்டு.

மாதம் ஒருமுறை, மலைப்பயணத்துக்கு முன் கட்டாயம் ஒருமுறை, வண்டி ஆறியிருக்கும் காலைநேரத்தில் இந்த நான்கையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரு பழந்துணி இருந்தால் சரி. வண்டி நின்ற இடத்தில் தரையையும் ஒரு பார்வை பாருங்கள். புதிய கறை தெரிந்தால் ஏதோ ஒன்று கசிகிறது. அதைச் சரிசெய்த பிறகே ஆலங்காயத்தைத் தாண்டி மேலே ஏறுங்கள்.