கடல் இல்லாத ஜில்லாவும் ஒரு கப்பல் பெயரும்

தருமபுரிக்காரனுக்குக் கடல் என்பது கேள்வி ஞானம். எனக்கும் அப்படித்தான். இருபது வயது தாண்டித்தான் கடலைப் பார்த்தேன். பெரிய பரவசம் ஒன்றும் ஏற்படவில்லை. கரை தெரியாத ஏரி என்று தோன்றிற்று, அவ்வளவுதான். சரித்திரத்திலும் நாங்கள் இப்படியே. அதியமானையும் ஔவையையும் சொல்லி முடித்ததும் ஒரே தாவலில் 1792க்கு வந்துவிடுவோம். கார்ன்வாலிஸ் வந்தான், ரீடு வந்தான், மன்றோ வந்தான், ரயத்துவாரி வந்தது. உள்ளூர்ச் சரித்திரம் எழுதுகிறவர்கள் ஒப்பிக்கும் வாய்பாடு இது. முழுக்க நிலத்தின் கதை. அதில் தண்ணீர் என்றால் ஏரித் தண்ணீர்தான்.

இந்த வாய்பாட்டின் முதல் பெயர் கடலில் என்ன ஆயிற்று என்று கொஞ்ச காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். உள்ளூர்ச் சரித்திரத்தில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர், 'கப்பலுக்கும் நமக்கும் என்னய்யா?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அவருக்கான பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் வாய்பாட்டிலேயே ஒரு திருத்தம். மூன்றாவது மைசூர் யுத்தத்தில் கார்ன்வாலிஸின் கவனமெல்லாம் பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம். எங்கள் கோட்டைகளுக்கு வந்தவர்கள் அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகள். 1791 ஜூலையில் ராயக்கோட்டையைப் பிடித்தவர் கௌடி. அதே வருஷக் கடைசியில் பென்னாகரத்தைப் பிடித்தவர் மாக்ஸ்வெல். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் அவர் முயற்சி பலிக்கவில்லை. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு பாதி ராஜ்யத்தையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்க வேண்டும். பணயமாக இரண்டு பிள்ளைகள். பாராமகாலும் திண்டுக்கல்லும் மலபாரும் கம்பெனிக்கு வந்தன. அதே ஆகஸ்டில், அதுவரை 'ஏர்ல்' ஆக இருந்த கார்ன்வாலிஸ் 'மார்க்விஸ்' ஆனார். பிரபுப் பட்டத்தில் ஒரு படி உயர்வு. அந்தப் படிக்குக் கொடுத்த விலையில் எங்கள் ஊரும் அடக்கம்.

இந்தப் படி கப்பல்களின் பெயர்களிலும் தெரிகிறது. 1783ல் நீரில் இறங்கிய கம்பெனிக் கப்பல் 'ஏர்ல் கார்ன்வாலிஸ்'. பிற்பாடு அது கைதிகளை ஏற்றிக்கொண்டு 1801ல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பே 'மார்க்விஸ் கார்ன்வாலிஸ்' என்ற இன்னொன்று 1795ல் அயர்லாந்திலிருந்து கைதிகளோடு புறப்பட்டு 1796 பிப்ரவரியில் சிட்னியை அடைந்தது. வழியில் ஒரு கலகச் சதி, கடுமையாக அடக்கப்பட்டது. 1798ல் அயர்லாந்தே கலகம் செய்தபோது அதை அடக்கிய வைஸ்ராய் சாட்சாத் கார்ன்வாலிஸ்தான். பெயர் மூன்று வருஷம் முந்திக்கொண்டு போயிருக்கிறது.

பம்பாயில் கட்டிய இன்னொரு 'மார்க்விஸ் கார்ன்வாலிஸ்' 1805ல் பிரிட்டிஷ் கடற்படைக்கு விலை போயிற்று. அந்த வருஷம்தான் காஜிப்பூரில் மனிதர் செத்துப் போனார். 1810ல் டச்சுக்காரர்களிடமிருந்து அம்பாய்னா தீவைப் பிடித்த மூன்று கப்பல்களில் இதுவும் ஒன்று. கரையிறங்கியவர்களில் மதராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்ட்காரர்களும் உண்டு. அடுத்த வருஷம் அதன் பெயரை 'அக்பர்' என்று மாற்றிவிட்டார்கள். பிரபுவை அழித்துப் பாதுஷாவை எழுதியதில் அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கப்பல். 1813 மே மாதம் பம்பாய்த் துறையில் நீரில் இறங்கிய 'கார்ன்வாலிஸ்'. எழுபத்து நான்கு பீரங்கி. கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. மரம் தேக்கு. பம்பாய்த் துறைக்குத் தேக்கு பெரும்பாலும் மலபார்க் காடுகளிலிருந்து வந்தது. அந்த மலபார் எந்தக் காகிதத்தில் கம்பெனிக்கு வந்ததோ அதே காகிதத்தில் வந்தவர்கள் நாங்கள். இங்கே ஒரு உவமை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பாராமகால் ரயத்தின் வரிப்பணம் கப்பலின் பலகையாயிற்று என்று எழுதிவிடலாம், கவிதையாகக்கூட வரும். நான் எழுதமாட்டேன். எந்த ரூபாய் எந்த ஆணியாயிற்று என்று யாரும் காட்ட முடியாது. காட்ட முடிந்தது இவ்வளவே: திருப்பத்தூரில் ரீடும் தருமபுரியில் மன்றோவும் உட்கார்ந்து 1799 வரை வயல் வயலாக அளந்ததும், மலபாரில் தேக்கு வெட்டிப் பம்பாய்க்கு அனுப்பியதும் ஒரே வெற்றியின் இரண்டு காரியங்கள். நாங்கள் ஒன்றை மட்டும் சரித்திரம் என்று படிக்கிறோம்.

1815 ஏப்ரலில் 'ஹார்னெட்' என்ற அமெரிக்கக் கப்பல் இதை வியாபாரக் கப்பல் என்று நினைத்து நெருங்கி, பீரங்கிகளைக் கண்டதும் திரும்பி ஓடிற்று. பாரம் குறைய நங்கூரங்களையும் படகுகளையும், ஒன்று தவிர எல்லாப் பீரங்கிகளையும் கடலில் எறிந்துவிட்டுத் தப்பித்தது. இரு நாடுகளுக்கும் சமாதானமாகி மாதக்கணக்காகியிருந்தது. நடுக்கடலில் செய்தி எட்டவில்லை. 1781ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த சேனையின் தளபதி இதே கார்ன்வாலிஸ் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தத் துரத்தல் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

அடுத்தது வேடிக்கை இல்லை. 1842 ஆகஸ்ட் 29 அன்று சீனாவின் நான்கிங் நகருக்கு எதிரே, யாங்ட்சி நதியில் நின்ற இந்தக் கப்பலின் மேல்தான் அபினி யுத்தத்தின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஹாங்காங் தீவு, ஐந்து துறைமுகங்கள், இரண்டு கோடியே பத்து லட்சம் வெள்ளி டாலர். ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிலம், பணம், கையெழுத்து. பிள்ளைகள் மட்டும் இல்லை. அந்த யுத்தத்தில் மதராஸ் சுதேசிக் காலாட்படைகள் போரிட்டன. 1841 மே மாதம் காண்டனுக்கு வெளியே மழையில் 37வது மதராஸ் படையின் ஒரு பகுதி வழி தவறி, மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்காமல், ஈட்டி பிடித்த கிராமத்தார் நடுவில் சதுரமாகச் சேர்ந்து நின்றது. அந்தச் சிப்பாய்களுக்கும் அந்தக் கிராமத்தாருக்கும் என்ன பகை?

அதற்குப் பிறகு கப்பலின் கதை சீக்கிரம் முடிகிறது. 1855ல் நீராவி இயந்திரம் பொருத்தினார்கள். 1865லிருந்து இங்கிலாந்தில் ஷீர்னஸ் துறையில் படகுகள் அணையும் மேடையாகக் கிடந்தது. 1916ல் 'வைல்ட்ஃபயர்' என்று வேறு பெயர்.

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் பாங்க்ஸ் செதுக்கிய கார்ன்வாலிஸ் சிலை இருக்கிறது. நண்பரையும் அழைத்துக்கொண்டு போனேன். பீடத்தில் திப்புவின் பிள்ளைகளை ஒப்புக்கொள்ளும் காட்சி. நண்பர் குனிந்து அந்தப் பையன்களையே வெகு நேரம் பார்த்தார். கப்பலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, 'அந்தத் தேக்கு என்ன ஆச்சு?' என்றார். 1957ல் உடைத்துவிட்டார்கள் என்றேன். 'அதுவரைக்கும் உளுத்துப்போகலையா?' என்றார். இல்லை என்றேன்.