மில்லிங் இயந்திரத்தின் நான்காம் அச்சு

நான்காம் அச்சு என்பது, நெடுக்கு, குறுக்கு, செங்குத்து என்னும் மூன்று நேர்கோட்டு இயக்கங்களை இயல்பாக உடைய மில்லிங் இயந்திரத்தின் மேஜைமீது பொருத்தப்பட்டு, வேலைப்பொருளைச் சக்கிலோ காலெட்டிலோ பற்றிக்கொண்டு, ப்ரோகிராமின் ஆணைப்படி வேண்டிய கோணத்தில் திருப்பி நிறுத்தவும், வெட்டு நடக்கும்போதே சுழற்றவும் வல்ல சாதனத்தின் இயக்கத்தைக் குறிக்கும். எக்ஸ் அச்சைச் சுற்றிய சுழற்சி ஏ என்றும், ஒய் அச்சைச் சுற்றியது பி என்றும், இஸட் அச்சைச் சுற்றியது சி என்றும் பெயர் பெறும். செங்குத்து மில்லிங் இயந்திரங்களில் பெரும்பாலும் காண்பது ஏ அச்சு.

வட்டத்தைப் பிழையின்றிப் பகுக்கும் வித்தை இவ்வியந்திரங்களுக்கெல்லாம் மூத்தது. லண்டனில் கருவிகள் செய்துவந்த ஜெஸ்ஸி ராம்ஸ்டன், கடலோடிகளின் செக்ஸ்டன்ட் கருவியில் பாகைக் கோடுகளைக் கையால் கீறுவதிலிருந்த தாமதத்தையும் பிழையையும் ஒழிக்கும் நோக்கத்துடன், 45 அங்குல விட்டமும் விளிம்பில் 2160 பற்களும் உடைய சக்கரத்தை ஒரு திருகினால் திருப்பும் யந்திரத்தை 1770களில் நிர்மாணித்தார். திருகின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 10 கலை நகர்ந்தது. ஆறு சுற்றுக்கு ஒரு பாகை. பிரிட்டிஷ் அரசின் தீர்க்கரேகை வாரியம், இவ்வித்தையை ஏனைய கருவியாளர்க்கும் கற்பிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் அவருக்கு 615 பவுன் அளித்தது. யந்திரத்தை விளக்கும் அவருடைய நூல் 1777-இல் வெளிவந்தது. திருகும் பற்சக்கரமும் சேர்ந்த அந்த ஜோடியே, வார்ம் என்ற பெயரில், இன்றைய சுழல் மேஜைகள் பலவற்றின் உள்ளேயும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

மில்லிங் இயந்திரத்தில் சுழற்றுதலும் வெட்டுதலும் நெருங்கிக் கலந்தது அமெரிக்க உள்நாட்டு யுத்த காலத்தில். துப்பாக்கித் தயாரிப்பில் ஈடுபட்டிருந்த பிராவிடன்ஸ் நகரத் தொழிற்சாலை ஒன்றில், ட்விஸ்ட் டிரில்லின் முறுக்குப் பள்ளங்களைத் தொழிலாளர் உருண்டை அரத்தால் கையாலேயே ராவிக்கொண்டிருந்த நிலையில், அங்கிருந்த பிரெடரிக் ஹோ என்பவரின் தூண்டுதலால், பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியின் ஜோசப் பிரவுன், மேஜையை நகர்த்தும் திருகோடு வேலைப்பொருளைச் சுழற்றும் தலையையும் பற்சக்கரங்களால் பிணைத்த யூனிவர்சல் மில்லிங் இயந்திரத்தை வகுத்தார். அது 1862-இல் விற்பனைக்கு வந்தது. ஒரு நேர் இயக்கமும் ஒரு சுழல் இயக்கமும் குறித்த விகிதத்தில் சேர்ந்து நடந்து முறுக்குப் பள்ளத்தை உண்டாக்கும் இந்த ஏற்பாட்டில், நான்காம் அச்சின் தத்துவம் முழுவதும் அடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். பின்வந்தோர் பற்சக்கரங்களின் இடத்தில் கணிதத்தை வைத்தார்கள்.

இவ்வழியில் வந்த டிவைடிங் ஹெட்டில், கைப்பிடியின் 40 சுற்று வேலைப்பொருளின் ஒரு சுற்றாகும். ஏழு பாகம் வேண்டுமாயின், ஐந்து முழுச் சுற்றும், துளைத் தகட்டின் 21 துளை வட்டத்தில் 15 துளையும் நகர்த்த வேண்டும். பின்னம் பின்னமாகவே நின்றபடியால் இம்முறையில் கணக்குப் பிழை சிறிதும் இல்லை.

எண்வழிக் கட்டுப்பாடு, மிச்சிகன் மாகாணத்து ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்காகச் செய்த முயற்சியில் கருக்கொண்டு, அமெரிக்க விமானப் படையின் பொருளுதவியால் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952-இல் மூன்று அச்சு மில்லிங் இயந்திரமாக உருப்பெற்றது. சுழல் அச்சு சிறு பட்டறைகளையும் எட்டியதில் பெரும்பங்கு பிற்காலத்துத் தனிச் சாதனங்களுக்கு உண்டு. 1983-இல் கலிபோர்னியாவில் ஜீன் ஹாஸ் தொடங்கிய கம்பெனியின் முதற் பொருள் முழு இயந்திரம் அன்று. ப்ரோகிராமின்படி தானே திரும்பி நிற்கும் காலெட் இண்டெக்ஸரே அது. அக்கம்பெனியின் முதல் செங்குத்து மெஷினிங் சென்டர் 1988-இல்தான் வெளிவந்தது.

கோணம் பகுக்கும் பிரச்சினை இவ்வாறு தீர்ந்துவிட்டபோதிலும், சுழற்சியின் மையம் எங்கே இருக்கிறது என்பதை இயந்திரத்துக்கு அறிவிக்கும் பொறுப்பு இன்னும் செட்டிங் செய்பவரின் கையிலேயே இருக்கிறது. இத்துறையில் வீணாகும் ஜாப்களில் பெரும்பகுதி இந்த இடத்தில் காட்டிய அவசரத்தின் பலன் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. முதலில் சக்கில் ஒரு நேரான சோதனைத் தண்டைப் பிடித்து, டயல் இண்டிகேட்டரை அதன் மேற்புறத்திலும் பக்கவாட்டிலும் எக்ஸ் திசை நெடுக ஓட்ட வேண்டும். காணும் ஏற்றத்தாழ்வு தண்டின் கோணலா, சாதனத்தின் சாய்வா என்னும் ஐயம் எழும்போது, தண்டை 180 பாகை திருப்பி அதே இடங்களில் மறுபடி அளந்து, இரண்டின் சராசரியை எடுத்தால், தண்டின் பிழை கழிந்து அச்சின் உண்மை நிலை மட்டும் எஞ்சும். நீண்ட ஜாப்பாயின், மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கையும் இதே அச்சுக்கு இசைவித்த பின்பே இறுக்க வேண்டும்.

பிறகு ஒய், இஸட் திசைகளில் சுழற்சி மையத்தை அளந்து, ஜி54 போன்ற வேலை ஆதியில் பதிய வேண்டும். இஸட் பூஜ்யத்தை ஜாப்பின் மேற்பரப்பில் வைக்கும் மூன்று அச்சுப் பழக்கம் இங்கே தீங்கு செய்யும். மையத்தில் வைத்தால்தான் எக்கோணத்திலும் ஒரே அளவு செல்லுபடியாகும். ஒய் மையம் 0.05 மில்லிமீட்டர் தவறினால், எதிரெதிர்ப் பக்கங்களில் வெட்டும் இரு சாவிப் பள்ளங்கள் ஒன்றுக்கொன்று 0.1 மில்லிமீட்டர் விலகும். இஸட் மையம் அதே 0.05 தவறினால் எதிர்முகங்களின் இடைத்தூரமும் 0.1 மில்லிமீட்டர் கெடும்.

ப்ரோகிராமில் இரண்டு அபாயங்களைக் கருத வேண்டும். ஒன்று பின்னத்தின் வெட்டு: 127 பற்களுக்கான 2.8346... பாகையை 2.835 என்று சுருக்கி, ஒவ்வொரு பல்லுக்கும் முந்தைய நிலையிலிருந்து கூட்டிக்கொண்டே சென்றால், சுற்று முடிவில் 0.045 பாகை மிஞ்சி, 60 மில்லிமீட்டர் ஆரத்தில் கடைசிப் பல் 0.047 மில்லிமீட்டர் கெடும். ஆதலால் ஒவ்வொரு கோணத்தையும் பூஜ்யத்திலிருந்து தனியே கணித்து எழுத வேண்டும். மற்றொன்று ஊட்ட வேகம்: நிமிஷத்துக்கு 360 பாகை என்பது 25 மில்லிமீட்டர் ஆரத்தில் ஏறத்தாழ 157 மில்லிமீட்டர், 50-இல் 314, ஆரம் மாறும் வெட்டுகளில் ஒரே எண் வெட்டுக்கருவியை முறித்துவிடும். இதனால்தான், ஒவ்வொரு நகர்வும் எவ்வளவு காலத்தில் முடிய வேண்டும் என்று ஆணையிடும் ஜி93 முறை ஏற்பட்டது. நிறுத்தி வெட்டும் வேலையில் பிரேக்கைப் போட்டு வெட்டுவதும், சுழற்றி வெட்டும் வேலையில் அதை விடுவிப்பதும், வார்மின் ஆயுளைக் காக்கும் நியமங்கள்.

சுழல் சாதனம் மேஜையிலிருந்து கழற்றப்பட்டு, வேறு நாளில் அதே பள்ளத்தில் அதே சாவிகளோடு பூட்டப்பட்டாலும், முன்பு பதிந்த மைய எண்களை நம்பிப் பழைய ப்ரோகிராமை ஓட்டலாகாது. முதல் வெட்டுக்கு முன் மையத்தை மறுபடி அளந்தே தீர வேண்டும்.