பெரியாற்றுப் பாசன எல்லையும் பருவநிலைத் திட்டமிடலும்: மதுரைச் சமவெளியை முன்வைத்து ஒரு வரலாற்றாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மழையின் நிலையின்மையை எதிர்கொள்ளும் பொருட்டு மதுரைச் சமவெளியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறைவேற்றப்பட்ட பெரியாற்றுத் திட்டம், நீரைக் கொணர்ந்ததோடு ஓர் எல்லையையும் வகுத்தது. நீர் பெறும் நிலம், பெறா நிலம் என்னும் அவ்வெல்லை பஞ்சத்தின் கடுமையைக் கொண்டு வகுக்கப்படவில்லை. நிலமட்டமும் வருவாய்க் கணக்குமே அதைத் தீர்மானித்தன. பின்வந்த திட்டங்கள் அவ்வெல்லையைத் தொடக்கப் புள்ளியாகவே ஏற்றுக்கொண்டன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பெரியாறு, வைகை, ஆயக்கட்டு, கண்மாய், தாது வருடப் பஞ்சம், உசிலம்பட்டி, பருவநிலைத் திட்டமிடல்.

முன்னுரை

வளர்ச்சி குறைந்த நாடுகள் தத்தமக்கெனத் தேசியத் தகவமைப்புச் செயல்திட்டம் வகுத்துக்கொள்ள வேண்டும் என 2001ஆம் ஆண்டு மராக்கேஷ் மாநாட்டில் முடிவாயிற்று. அதன்படி மாலத்தீவு, துவாலு, கிரிபாட்டி முதலிய சிறு தீவு நாடுகள் 2007ஆம் ஆண்டளவில் தம் திட்டங்களை அளித்தன. நாடு முழுவதும் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடப்பதால், திட்டத்திற்கு உள்ளே யார், வெளியே யார் என்னும் வினா அங்கு எழாது என்று தோன்றலாம். ஆயினும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், சிதறி வாழும் மக்களைப் பாதுகாப்பான சில தீவுகளில் குடியமர்த்த மாலத்தீவு அரசு முற்பட்டபோது, எந்தத் தீவைக் காப்பது, எதைக் கைவிடுவது என்னும் கேள்வி தவிர்க்க இயலாததாயிற்று.

இக்கேள்வியை மதுரைச் சமவெளி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்துள்ளது. பருவநிலைத் தகவமைப்பு என்பது அண்மைக்காலக் கலைச்சொல். அதைப் பென்னிகுயிக்கின் காலத்தின்மீது ஏற்றிக் கூறுவது காலவழுவாகும். எனினும் மழை பொய்க்கும் ஆண்டுகளை முன்கூட்டிக் கணக்கிட்டு, அரசு பெருமுதலிட்டு, ஒரு வட்டாரத்தின் நீர்நிலையையே மாற்றியமைத்த செயல் என்ற அளவில் பெரியாற்றுத் திட்டத்தை இன்றைய திட்டங்களோடு வைத்து நோக்குவது பொருந்தும். பெரியாறு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அணையின் வலிமை குறித்தோ இரு மாநிலங்களின் வழக்கு குறித்தோ அமைகின்றன. அணையின் கீழே சமவெளியில் நீர் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

இரு பருவங்களுக்கு இடையில்

மதுரை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்தது. ஆண்டின் சராசரி மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர்; அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. வருசநாட்டு மலையில் தோன்றி 258 கிலோமீட்டர் ஓடும் வைகையும் பெரிதும் அப்பருவத்தையே நம்பியிருந்தது. சில நாட்களில் கொட்டித் தீரும் மழையைக் கண்மாய்த் தொடர்களில் தேக்கி, ஒன்றின் கலுங்கு நீர் அடுத்ததன் வரத்துக்காலாக அமையுமாறு செய்ததே இச்சமவெளியின் பழைய விடை. ஒரு பருவம் பொய்த்தால் அதற்கும் விடையில்லை.

மலையின் மறுபுறம் தென்மேற்குப் பருவத்தில் பெருகும் பெரியாறு அரபிக்கடலில் கலந்தது. அதைக் கிழக்கே திருப்புவது என்பதன் பொருள், ஒரு பருவத்தை நம்பியிருந்த நிலத்திற்கு மற்றொரு பருவத்தின் மழையையும் சேர்த்துக் கொடுப்பதாகும். திட்டத்தின் அறிவு நுட்பம் இதில்தான் உள்ளது. இக்கருத்தை முதலில் எழுப்பியவராகக் கூறப்படுபவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை. 1808இல் இடத்தை ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல் இது நடவாத காரியம் என்று ஒதுக்கினார். 1850இல் சிறிய அளவில் தொடங்கிய வேலை, காட்டின் நோய்ச்சூழலில் தொழிலாளர் கூடுதல் கூலி கேட்டதனால் நின்றது. 1867இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு மண் அணைத் திட்டத்தை முன்வைத்தார்.

அதற்கு அரசு முடிவு சொல்லும் முன்னரே தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சம் திட்டத்தை முதலில் நிறுத்திவைத்தது. பின்னர் அதுவே திட்டத்தை நிறைவேற்றவும் காரணமாயிற்று. 1882இல் பென்னிகுயிக்கிடம் புதிய மதிப்பீடு கோரப்பட்டது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை. 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்து, அவ்வாண்டு அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு நீரைத் திறந்துவைத்தார்.

வருவாய் தரும் பணி

பஞ்சத்தின் பின்விளைவாகத் தோன்றியபோதிலும், பெரியாற்றுத் திட்டம் பஞ்சக் காப்புப் பணியாக வகைப்படுத்தப்படவில்லை. போட்ட முதலுக்கு வட்டியை ஈட்டித்தர வேண்டிய 'ஆக்கப் பணி' என்னும் பிரிவிலேயே அது வைக்கப்பட்டது. மாகாணத்தில் காப்புப் பணி என்று வகைப்படுத்தப்பட்டது வடக்கே கஞ்சம் பகுதியின் ருசிகுல்யா திட்டம். இவ்வேறுபாடு கணக்கேட்டின் தலைப்பு வேறுபாடு மட்டுமன்று. காப்புப் பணியில் கேட்கப்படும் வினா, பஞ்சம் எங்கே கடுமையாகத் தாக்கும் என்பது. ஆக்கப் பணியிலோ, எந்த நிலம் விரைவில் நஞ்சையாகித் தண்ணீர்த் தீர்வை செலுத்தும் என்பதே வினா.

இரண்டாம் வினாவுக்கான விடை மேலூர். வைகையின் பேரணையில் இடக்கரையிலிருந்து பிரியும் கால்வாய் நிலச்சரிவை ஒட்டித் தானாகவே கிழக்கே பாயும். அங்கே நீரை ஏற்கக் கண்மாய்களும் ஏற்கெனவே இருந்தன. மேற்கில் உசிலம்பட்டிப் பக்கம் நிலம் மேடானது. அக்காலப் பொறியியலுக்கு அது எளிதன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் மேட்டுநிலம் என்பது நீர் ஏறாமைக்கு விளக்கமாகுமேயன்றி, நீர் ஏறாத ஊர்களுக்கு வேறு காப்பு எதுவும் திட்டமிடப்படாமைக்கு விளக்கமாகாது. கருத்தைத் தந்த இராமநாதபுரமும் பெரியாற்று ஆயக்கட்டுக்கு வெளியே நின்றது.

எல்லைக்கு வெளியே

இப்பாசன எல்லையின் சமூக விளைவு தனித்து நோக்கத்தக்கது. பெரியாற்று நீர் பாய்ந்த பிறகு மேலூர்ப் பகுதிக் கள்ளர் அமைதியான உழவராயினர் என்பது காலனிய அதிகாரிகள் பெருமிதத்தோடு சொல்லிவந்த கூற்று. நீர் எட்டாத மேற்கில், புஞ்சையையும் மானாவாரிக் கண்மாயையும் நம்பி வாழ்ந்த பிரமலைக் கள்ளர்மீது அதே அரசு 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1914 முதல் படிப்படியாக ஏவியது. ரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில், மாயக்காள் என்ற பெண் உள்ளிட்டோர் உயிரிழந்தனர்.

வறட்சியே இவ்வொடுக்குமுறைக்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். காவல்முறை, நிலவுரிமை, இனங்களை வகைப்படுத்திய காலனிய அறிவு ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. எனினும் அதிகாரிகளின் கூற்றை அப்படியே எடுத்துக்கொண்டாலும் ஒரு முரண் மிஞ்சுகிறது. மேலூரில் நடத்தை மாற்றத்திற்குத் தண்ணீரைக் காரணமாகக் கண்ட அரசு, உசிலம்பட்டியில் தண்ணீரின்மையைக் காணவில்லை, பிறவியைக் கண்டது.

அணையில் கலந்து ஏட்டில் பிரியும் நீர்

விடுதலைக்குப் பின்னர் ஆண்டிப்பட்டிக்கு அருகே கட்டப்பட்டு 1959 ஜனவரியில் திறக்கப்பட்ட வைகை அணையில் இரு மூலங்களின் நீரும் ஒன்றாகத் தேங்கியது. கணக்கேட்டிலோ பெரியாற்று நீர் வேறு, வைகை நீர் வேறு. பெரியாற்று இருப்பிலிருந்து 45,041 ஏக்கர் இருபோக நிலத்திற்கும், 85,563 ஏக்கர் ஒருபோக நிலத்திற்கும், திருமங்கலம் பிரதானக் கால்வாயின் 19,439 ஏக்கருக்கும் நீர் திறக்கப்படுகிறது. அணைக்கு மேலே கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம். வைகையின் பூர்வீகப் பாசனமான 1,36,109 ஏக்கருக்கு வைகை இருப்பு மட்டுமே. அது இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை ஆகியவற்றுக்கு 7:3:2 என்ற விகிதத்தில் பகிரப்படுகிறது.

ஒரே அணையில் கலந்து நிற்கும் நீரை ஏட்டில் பிரித்து வைக்கும் இம்முறையைக் குறையாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. பழைய உரிமைகளைப் புதிய அணை விழுங்கிவிடாமல் காத்தது இந்தக் கணக்கே. அதே கணக்கு 1895இன் எல்லையை நிலைபெறவும் செய்தது. தென்மேற்குப் பருவம் நன்கு அமைந்த ஆண்டில் அதன் பயன் முதலில் சேர்வது அன்றைய ஆயக்கட்டுக்கே.

உசிலம்பட்டிப் பகுதியின் 58 கிராமக் கால்வாய்க் கோரிக்கையை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ள வேண்டும். பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பின் 1990களின் இறுதியில் வேலை தொடங்கி, 2018இல்தான் சோதனை ஓட்டமாக நீர் விடப்பட்டது. வைகை அணையின் நீர்மட்டம் 67 அடியை எட்டினால்தான் இக்கால்வாயில் நீர் பாயும். அணையின் முழுக்கொள்ளளவே 71 அடி. எனவே அணை ஏறத்தாழ நிறைந்த ஆண்டில் மட்டும், மற்றவர் பங்கு போக மிகும் நீரே இவ்வூர்களுக்கு வாய்க்கிறது. வறட்சி ஆண்டுக்கென விழைந்த கால்வாய், நல்ல மழை ஆண்டில் மட்டும் ஓடுவதாக அமைந்துவிட்டது.

கால்வாய்க்கு வெளியே உள்ள கண்மாய்களின் கதையை இங்கு விரித்துரைக்க இடமில்லை. 1858ஆம் ஆண்டுச் சட்டம் குடிமராமத்து வழக்கத்தைக் கட்டாய உழைப்பாக்கியது. 1992 முதல் மதுரையை மையமாகக் கொண்டு நடந்த வயலகம் முயற்சி ஆயக்கட்டுதாரர் சங்கங்கள்வழிக் கண்மாய்களைச் சீரமைத்தது. 2017இல் அரசே குடிமராமத்து என்ற பழைய பெயரை மீட்டெடுத்தது.

மாவட்டம் என்னும் அலகு

இந்திய அரசு 2008 ஜூன் 30இல் தேசியப் பருவநிலை மாற்றச் செயல்திட்டத்தை எட்டு இயக்கங்களோடு வெளியிட்டது. அதைத் தொடர்ந்து தமிழ்நாடு தன் மாநிலச் செயல்திட்டத்தை வகுத்தது. 2022இல் முதலமைச்சர் தலைமையில் பருவநிலை மாற்றத்திற்கான ஆட்சிமன்றக் குழு அமைந்தது. மாவட்டந்தோறும் ஆட்சியரை இயக்குநராகவும் வன அலுவலரைப் பருவநிலை அலுவலராகவும் கொண்ட இயக்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. மரம் நடுதல், ஈரநிலக் காப்பு, விழிப்புணர்வு ஆகியவற்றுக்கு மாவட்டம் ஏற்ற அலகுதான்.

வைகைக்கு அது பொருந்துமா என்பது வேறு வினா. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களில் பரந்தது வைகை வடிநிலம். அணை தேனியில், இருபோக ஆயக்கட்டின் பெரும்பகுதி மதுரையில், பூர்வீகப் பாசனத்தின் பெரும்பங்கு இராமநாதபுரத்தில். மதுரை நகருக்குள்ளேயே கண்மாய்த் தொடர் அறுபட்டதன் விளைவை 2024 அக்டோபர் இறுதியில் செல்லூர்ப் பகுதி கண்டது. செல்லூர்க் கண்மாயின் உபரிநீரும் பந்தல்குடி வாய்க்காலின் நீரும் குடியிருப்புகளைச் சூழ்ந்தன. வறட்சிக்கும் வெள்ளத்திற்கும் நீர் வரும் வழி ஒன்றே. அதை ஐந்து ஆட்சியரும் ஒரு மாநகராட்சியும் தனித்தனியே திட்டமிடுகின்றனர். அணையிலிருந்து யாருக்கு, எந்நாளில், எவ்வளவு என்பதை முடிவு செய்யும் நீர் திறப்பு ஆணையோ ஆண்டுதோறும் அரசுத் துறையிலிருந்து, அதே ஏக்கர் எண்களோடு தனியே வெளிவருகிறது.