விஸ்லரின் அன்னை (ஓவியம்)

அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் மக்நீல் விஸ்லர், லண்டன் செல்சீயில் இருந்த தம் வீட்டில் 1871இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். 'சாம்பல், கறுப்பு ஒழுங்கமைவு – எண் 1' என்பதே அவர் இட்ட பெயர். கித்தானின் அகலம் ஏறத்தாழ 162 செ.மீ., உயரம் 144 செ.மீ.

படத்தில் இருப்பவர் ஆனா மக்நீல் விஸ்லர் (1804–1881). ரயில்பாதைப் பொறியாளரான அவர் கணவர் ரஷ்யாவில் பணியாற்றுகையில் 1849இல் காலமானார். அதன்பின் ஆனா உடுத்தியது கறுப்புதான். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் லண்டனுக்கு வந்து மகனுடன் தங்கினார். முதலில் நின்ற கோலத்தில்தான் வரையத் தொடங்கினார் விஸ்லர். நெடுநேரம் நிற்க அறுபத்தேழு வயது தாயால் முடியவில்லை. அதனால் கிடைத்தது இந்தப் பக்கவாட்டுத் தோற்றம்: வெள்ளைத் தலைமறைப்பு, மடிமேல் கைக்குட்டை பிடித்த கைகள், மணைமேல் பாதம். சாம்பல் நிறச் சுவரில் தொங்குவது தேம்ஸ் கரையைக் காட்டும் 'பிளாக் லயன் வார்ஃப்', விஸ்லரே 1859இல் செய்த செதுக்கோவியம். வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பூசியதால் சில இடங்களில் கித்தானின் இழை தெரிகிறது.

1872இல் ராயல் அகாதமி இதை ஏற்கத் தயங்கியது. உறுப்பினர் வில்லியம் பாக்சல் பதவி விலகுவதாக மிரட்டிய பிறகே சுவரில் இடம் கிடைத்தது. விஸ்லர் அதன்பின் அங்கே எந்த வண்ண ஓவியத்தையும் வைக்கவில்லை. விமர்சகர் ஜான் ரஸ்கின்மீது தொடுத்த அவதூறு வழக்கில் 1878இல் பெயருக்கு வென்றார். செலவோ அவரை மறு ஆண்டே திவாலாக்கியது. இந்த ஓவியமும் கடனுக்கு ஈடாகப் போய்த்தான் மீண்டது. 1891இல் பிரெஞ்சு அரசு வாங்கியது. அதற்குப் பாடுபட்டவர்களில் கவிஞர் மலார்மே ஒருவர். எண் 2 எனப்படும் தாமஸ் கார்லைல் உருவப்படத்தை அதே ஆண்டில் கிளாஸ்கோ நகரம் வாங்கிக்கொண்டது.

படத்தில் இருப்பவர் யார் என்பது தமக்கு முக்கியமே தவிர, பார்ப்பவர் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது விஸ்லரின் வாதம். நிறமும் வடிவமும் போதும் என்றார். மக்கள் கேட்கவில்லை. 1932 முதல் 1934 வரை ஓவியம் அமெரிக்க நகரங்களைச் சுற்றி வந்தபோது கூட்டம் பார்த்தது தாயைத்தான். 1934இல் அன்னையரைப் போற்றி அமெரிக்கா வெளியிட்ட 3 சென்ட் அஞ்சல்தலை ஒருபடி மேலே போனது: ஓரங்களை வெட்டிவிட்டு, ஆனாவின் எதிரே பூச்சாடி ஒன்றை வைத்தது. படத்தின் சமநிலையே அந்த வெற்றிடத்தில்தான் நிற்கிறது. அதை நிரப்பியவர் தலைப்பைப் படித்திருக்க மாட்டார்.

ஓவியம் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்கு உரியது. அமெரிக்காவில் இது அவ்வப்போது இரவலாக மட்டுமே காட்சிக்கு வருகிறது.