தானுந்து ஒலி மிகைப்பி

தானுந்து ஒலி மிகைப்பி என்பது, மகிழுந்து, சரக்குந்து முதலிய ஊர்திகளில் உள்ள ஸ்டீரியோவிலிருந்து வரும் வலுக்குறைந்த குறிகையை, அதாவது சிக்னலை, ஒலிபெருக்கிகளை இயக்கப் போதுமான திறன் உடையதாக மாற்றித் தரும் மின்னணுக் கருவி ஆகும். வீட்டில் பயன்படும் மிகைப்பிக்கும் இதற்கும் அடிப்படைக் கோட்பாடு ஒன்றே. ஆனால் வீட்டுக் கருவிக்கு 230 வோல்ட்டு மாறுமின்னோட்டம் கிடைக்கின்றது. மகிழுந்தில் கிடைப்பதோ 12 வோல்ட்டு நேர்மின்னோட்டம் மட்டுமே. இக்கருவியின் உள்ளமைப்பு, எடை, அதில் ஏற்படும் பழுதுகள், அதன் பெட்டியின் மீது அச்சிடப்படும் மிகையான வாட்டு எண்கள் ஆகியவற்றைப் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே விளக்கிவிடலாம்.

பெயர்

பேச்சு வழக்கில் இது ஆம்ப்ளிஃபயர் என்றும் சுருக்கமாக ஆம்ப் என்றும் வழங்குகின்றது. பள்ளிப் பாடநூல்கள் பெருக்கி என்னும் சொல்லை ஆள்கின்றன. ஒலிபெருக்கி என்பது மின்குறிகையை ஒலியாக மாற்றும் ஸ்பீக்கரைக் குறிப்பதால், குழப்பத்தைத் தவிர்க்க இக்கட்டுரையில் மிகைப்பி என்னும் சொல்லே பயன்படுத்தப்படுகின்றது.

12 வோல்ட்டு என்னும் எல்லை

இயந்திரம் ஓடும்போது மகிழுந்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டு வரை உயரும். ஒரு மிகைப்பி தனக்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தத்தை விடக் கூடுதலாக ஒலிபெருக்கிக்குக் கொடுக்க இயலாது. எளிய சுற்று ஒன்றில் குறிகை நடுப்புள்ளியிலிருந்து மேலும் கீழும் 7.2 வோல்ட்டு வரையே அசையலாம். இதன் ஆர்.எம்.எஸ். மதிப்பு 5.1 வோல்ட்டு. மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும் என்பதால், 4 ஓம் ஒலிபெருக்கிக்குக் கிடைப்பது சுமார் 6.5 வாட்டு மட்டுமே.

ஒலிபெருக்கியின் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் இயக்கும் இரண்டு மிகைப்பிகளைப் பாலம் போல இணைத்தால் அசைவு இரு மடங்காகும். திறன் நான்கு மடங்காகிக் கோட்பாட்டளவில் 26 வாட்டைத் தொடும். திரிதடையங்களில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் நடைமுறையில் 18 முதல் 20 வாட்டு வரை தெளிவான ஒலி கிடைக்கும். டேஷ்போர்டில் பொருத்தப்படும் ஸ்டீரியோக்களின் உள்ளே இருப்பது பெரும்பாலும் இத்தகைய சுற்றுதான்.

அப்படியானால் அவற்றின் முகப்பில் "50 வாட்டு × 4" என்று எழுதப்பட்டிருப்பது எப்படி என்னும் கேள்வி எழும். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 51.8 வருகின்றது. அதாவது, ஒலி முற்றிலும் திரிந்து சதுர அலையாகிவிட்ட நிலையில் கிடைக்கும் திறன் அது. கணக்கில் பொய் இல்லை. ஆனால் அந்த நிலையில் பாட்டைக் கேட்க முடியாது.

வரலாறு

1930இல் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் மோட்டோரோலா என்னும் பெயரில் மகிழுந்து வானொலியை விற்கத் தொடங்கியது. அக்கால வெற்றிடக் குழாய்களுக்கு நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் தேவைப்பட்டது. ஊர்திகளிலோ 6 வோல்ட்டு மின்கலமே இருந்தது. எனவே, அதிரும் உலோகத் தகடு ஒன்றால் நேர்மின்னோட்டத்தை விநாடிக்கு நூறு தடவை அளவில் வெட்டி, மின்மாற்றி வழியே செலுத்தி உயர்த்தினர். 1955இல் கிரைசுலர் நிறுவனமும் பில்கோ நிறுவனமும் முழுவதும் திரிதடையங்களால் ஆன மகிழுந்து வானொலியை அறிவித்தன. திரிதடையங்கள் 12 வோல்ட்டிலேயே இயங்கியதால் அதிரும் தகடு மறைந்தது. பின்னர் கூடுதல் திறனை மக்கள் விரும்பியபோது, அதே பழைய உத்தி திரிதடைய வடிவில் திரும்பி வந்தது. தனியாகப் பொருத்தப்படும் இன்றைய மிகைப்பிகள் பெரும்பாலானவற்றில் அதன் வழித்தோன்றலே உள்ளது.

சென்னையில், துறைமுகத்தை ஒட்டி இராசாசி சாலையில் அமைந்த பர்மா பசார் வெளிநாட்டு மின்னணுப் பொருட்களுக்குப் பெயர் பெற்றது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக உருவான இச்சந்தையில், 1991இன் பொருளாதாரத் தாராளமயத்திற்கு முன்பு, பிற இடங்களில் எளிதில் கிடைக்காத ஒலிக்கருவிகள் விற்கப்பட்டன.

செயற்படும் முறை

தனியாகப் பொருத்தப்படும் மிகைப்பி ஒன்றைத் திறந்து பார்த்தால் அதில் இரு பகுதிகளைக் காணலாம். பாதி இடத்தை மின்வழங்கி அடைத்துக்கொண்டிருக்கும். மீதியில்தான் ஒலியை மிகைக்கும் சுற்று இருக்கும்.

மின்வழங்கியில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு (டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஎல்494 நெடுங்காலமாகப் பயன்படுவது) மாஸ்ஃபெட் வகைத் திரிதடையங்களை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடுகின்றது. இவ்வாறு வெட்டப்பட்ட மின்னோட்டம் வளைய வடிவ மின்மாற்றியில் உயர்த்தப்பட்டு, அலைதிருத்திகளாலும் மின்தேக்கிகளாலும் மீண்டும் நேர்மின்னோட்டமாக்கப்படுகின்றது. 4 ஓம் ஒலிபெருக்கிக்கு 100 வாட்டு கொடுக்க ஆர்.எம்.எஸ். மதிப்பு 20 வோல்ட்டு, உச்ச மதிப்பு 28 வோல்ட்டு தேவை. ஆகையால் இம்மின்வழங்கி நேர் 30, எதிர் 30 வோல்ட்டுக்கும் சற்றுக் கூடுதலாக உருவாக்கித் தரவேண்டும்.

மிகைக்கும் சுற்றுகள் வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஏபி வகுப்பில் ஒரு திரிதடையம் அலையின் மேற்பாதியையும் மற்றொன்று கீழ்ப்பாதியையும் ஏற்கின்றது. இதன் பயனுறுதிறன் நடைமுறையில் 60 விழுக்காடு அளவினது, மீதி வெப்பமாகின்றது. துடுப்புகள் கொண்ட கனத்த அலுமினிய உடல் இதற்காகவே. டி வகுப்பில் திரிதடையம் முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ இருக்கும். குறிகையின் அளவுக்கேற்பத் திறந்திருக்கும் நேரம் மாறும். இறுதியில் மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டி, அத்துடிப்புகளிலிருந்து ஒலிக்குறிகையை மீட்டெடுக்கும். இதன் பயனுறுதிறன் 80 விழுக்காட்டுக்கும் மேல். டி என்னும் எழுத்து டிஜிட்டல் என்பதன் சுருக்கம் எனப் பலர் கருதுவது தவறு. அது ஏ, பி, சி என்னும் வரிசையில் அடுத்து வந்த எழுத்தே.

உருகியைக் கொண்டு வாட்டை அறிதல்

மிகைப்பி வெளியிடும் திறன் எங்கிருந்தோ வருவதில்லை; மின்கலத்திலிருந்து உருகி, அதாவது ஃபியூஸ், வழியாகவே வரவேண்டும். எனவே, உருகியின் ஆம்பியர் எண்ணை 14.4ஆல் பெருக்கி, ஏபி வகுப்பானால் 0.6ஆலும் டி வகுப்பானால் 0.8ஆலும் மீண்டும் பெருக்கினால், கருவி தொடர்ந்து தரக்கூடிய திறனின் தோராயமான மேல்வரம்பு கிடைக்கும். "2000 வாட்டு" என்று பொறிக்கப்பட்ட ஏபி வகுப்பு மிகைப்பியில் 25 ஆம்பியர் உருகி ஒன்றே இருந்தால், அதன் உண்மைத் திறன் ஏறத்தாழ 216 வாட்டுதான். கடையில் நின்றபடியே செய்துவிடக்கூடிய இக்கணக்கு, வாங்குவோர் பணத்தைக் காக்கும்.

அமெரிக்காவில் 2003இல் வெளியான சிஇஏ-2006 என்னும் தரம், 14.4 வோல்ட்டு, 4 ஓம், 1 விழுக்காட்டுக்கு மேற்படாத திரிபு ஆகிய நிபந்தனைகளில் அளந்த திறனையே அறிவிக்க வேண்டும் என்கின்றது. இது கட்டாயமன்று. எனினும் இதைக் குறிப்பிடும் கருவிகளின் எண்களை நம்பலாம்.

திறன் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும் என்பதும் கவனிக்கத்தக்கது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபல் தரும் ஒலிபெருக்கி, 20 வாட்டில் 103 டெசிபலும் 100 வாட்டில் 110 டெசிபலும் தரும். பெருந்திறன் உண்மையில் தேவைப்படுவது தாழ்ந்த அதிர்வெண்களுக்கே. வடசென்னையின் கானாப் பாடல்களில் வரும் தாளத்தின் அடியை உணரவேண்டுமாயின், சப்வூஃபரின் கூம்பு நிறையக் காற்றைத் தள்ளவேண்டும். காதும் தாழ்ந்த ஒலிகளுக்கு உணர்வு குறைந்தது.

வசதிகள்

ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து தடங்கள் கொண்ட மிகைப்பிகள் கிடைக்கின்றன. ஒற்றைத் தடக் கருவி சப்வூஃபருக்கு உரியது. இரு தடங்களைப் பாலமாக இணைத்து ஒன்றாக்கும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு. அவ்வாறு இணைக்கையில் ஒவ்வொரு தடமும் ஒலிபெருக்கியின் மின்தடையில் பாதியையே காணும் என்பதை மறந்து 2 ஓம் ஒலிபெருக்கியை மாட்டினால், கருவி பாதுகாப்பு நிலைக்குச் செல்லும் அல்லது எரியும்.

கெயின் என்று எழுதப்பட்ட திருகு ஒலியளவுக் கட்டுப்பாடு எனத் தவறாகக் கொள்ளப்படுகின்றது. ஸ்டீரியோ தரும் மின்னழுத்தத்திற்கு ஏற்ப மிகைப்பியின் உணர்திறனைப் பொருத்துவதே அதன் வேலை. அதை முழுவதும் திருகி வைப்பதால் உச்சத் திறன் கூடுவதில்லை. அலையின் தலை முன்கூட்டியே வெட்டுப்படும். தலை வெட்டுண்ட அலை ஒலிபெருக்கியின் சுருளைச் சூடாக்குகின்றது. சிறிய மிகைப்பிகளும் ஒலிபெருக்கிகளைக் கெடுப்பது இவ்வாறே.

தாழ்வடிகட்டி குறைந்த அதிர்வெண்களை மட்டும் சப்வூஃபருக்கு அனுப்பும். உயர்வடிகட்டி கதவிலுள்ள சிறிய ஒலிபெருக்கிகளை அவற்றிலிருந்து காக்கும். இரண்டையும் 80 ஹெர்ட்சு அளவில் வைத்துத் தொடங்குவது வழக்கம். பேஸ் பூஸ்ட் என்னும் வசதி பொதுவாக 45 ஹெர்ட்சை ஒட்டிய ஒலியை உயர்த்துகின்றது. 6 டெசிபல் உயர்த்தினால் அங்கு நான்கு மடங்கு திறன் தேவைப்படும் என்பதால் இதைப் பயன்படுத்தாதிருப்பதே நலம். நிறுவனம் பொருத்திய ஸ்டீரியோவை மாற்ற விரும்பாதவர்களுக்காக, ஒலிபெருக்கிக் கம்பியிலிருந்தே குறிகையைப் பெறும் உள்ளீடும் உண்டு. ஸ்டீரியோவை அணைத்தவுடன் மிகைப்பியையும் அணைக்கும் தனிக் கம்பி ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது வெள்ளைக் கோடிட்ட நீல நிறம் கொண்டது.

கம்பியும் தீ அபாயமும்

400 வாட்டு ஏபி வகுப்புக் கருவி முழுத் திறனில் ஏறத்தாழ 46 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் குளிரூட்டி இழுப்பதைப் போலப் பல மடங்கு இது. மின்கலத்திலிருந்து வரும் கம்பி எங்கேனும் உராய்ந்து உடற்பகுதியைத் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பி தீப்பற்றும். ஆகையால், மிகைப்பியில் உள்ள உருகி போதாது. மின்கலத்திலிருந்து சுமார் 45 சென்டிமீட்டருக்குள் மற்றோர் உருகி இருத்தல் வேண்டும். முன்னது கருவியைக் காக்கின்றது; பின்னது ஊர்தியையும் அதிலிருப்போரையும் காக்கின்றது.

8 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பி 5 மீட்டர் நீளத்தில் 50 ஆம்பியருக்கு அரை வோல்ட்டுக்கு மேல் இழக்கும். 20 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 0.2 வோல்ட்டு அளவே. சந்தையில் விலை மலிவாகக் கிடைப்பவை பல, செப்புப் பூச்சிட்ட அலுமினியக் கம்பிகள். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல 1.6 மடங்கு. ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெண்மை தெரிவதைக் கொண்டு இதைக் கண்டறியலாம்.

சரக்குந்துகளில் 24 வோல்ட்டு

1948இல் அசோக் மோட்டார்ஸ் எனத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் தொழிற்சாலை எண்ணூரில் உள்ளது. இதன் கனரகச் சரக்குந்துகளும், எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்திற்காக வரிசையில் காத்திருக்கும் சரக்குப்பெட்டக ஊர்திகளும் 24 வோல்ட்டில் இயங்குபவை. இரண்டு 12 வோல்ட்டு மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். இயந்திரம் ஓடுகையில் மின்னழுத்தம் 28 வோல்ட்டு வரை செல்லும். மகிழுந்துக்குரிய மிகைப்பியை நேரடியாக இதில் இணைத்தால் அதன் உள்ளீட்டு மின்தேக்கிகளும் மாஸ்ஃபெட்டுகளும் பழுதாகும்.

இதற்கு மாற்றாகச் சிலர் இரு மின்கலங்களின் நடுவிலிருந்து 12 வோல்ட்டை எடுக்கின்றனர். பாட்டு நன்றாகவே பாடும். ஆனால் ஒரு மின்கலம் மட்டும் வடிந்துகொண்டிருக்க, மின்னேற்றி இரண்டையும் ஒன்றாகக் கருதி ஏற்றுவதால், வடிந்தது முழுதாக ஏறுவதில்லை. மற்றது மிகையாக ஏற்றப்படும். சில மாதங்களில் இரண்டும் கெட்டு, இரவில் துறைமுக வாயிலில் வண்டி கிளம்பாமல் நிற்கும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் மாற்றியைப் பொருத்துவதே முறையானது. 10 ஆம்பியர் மாற்றி 138 வாட்டையே தரும் என்பதால் சிறிய மிகைப்பிக்கே அது போதுமானது.

கடற்கரைச் சூழல்

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதியில் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கின்றது. பாதிப்பு பெரும்பாலும் புவி இணைப்பில் தொடங்கும். வண்ணப்பூச்சைச் சுரண்டி வெறும் இரும்பில் முடுக்கப்பட்ட அவ்விடம் துருப்பிடித்தால் ஒலி விட்டுவிட்டு வரும்; இயந்திரத்தின் வேகத்திற்கேற்ப ஏறி இறங்கும் சீழ்க்கையும் கேட்கக்கூடும். முடுக்கிய பின் அவ்விடத்தில் மசகு பூசுவதும், படகுகளில் பயன்படும் வெள்ளீயம் பூசிய செப்புக்கம்பியைப் பயன்படுத்துவதும் பயன் தரும்.

சென்னையில் கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுகையில், வெயிலில் நிற்கும் ஊர்தியின் உட்புறம் அதனினும் மிகுதியாகச் சூடேறும். மிகைப்பியைக் கம்பளத்தின் கீழோ சப்வூஃபர் பெட்டியின் மீதோ பொருத்தினால், வெப்பப் பாதுகாப்புச் சுற்று அடிக்கடி அதை அணைத்துவிடும். இருக்கையின் அடியில் பொருத்துவது வசதியானதுதான். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் சென்னையில் பல ஊர்திகளுக்குள் நீர் புகுந்தது. தாழ்வான பகுதிகளில் வாழ்வோர் பின்பெட்டியின் பக்கச்சுவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒலியளவு

85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடமே. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலை வரம்பாகக் கொண்டுள்ளன. கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் தாழ்ந்த அதிர்வெண்கள் பெருமளவு வெளியே கடந்து செல்லும்.